வளைவது, இழுபடுவது, துள்ளுவது: சரியான ஆங்கிலப் பெயரடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பொருள் விவரக் குறிப்பு எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், ஆய்வறிக்கை தயாரிக்கும் மாணவர்கள் என்று பலரும் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் இது. தமிழில் 'நெகிழ்வான' என்ற சொல்லை ரப்பர் பட்டைக்கும் சொல்லலாம், தோல் பைக்கும் சொல்லலாம், செம்புக் கம்பிக்கும் சொல்லலாம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் 'ஃப்ளெக்சிபிள்' என்றே எழுதினால் இலக்கணப் பிழை எதுவும் வராது. ஆனால் பொருளின் குணம் படிப்பவருக்குப் போய்ச் சேராது. அதை மாற்றுகிறேன் என்று செம்புக் கம்பிக்கு 'எலாஸ்டிக்' போட்டுவிட்டால் தகவலே தப்பாகிவிடும்.

கம்பளியோ நுரையோ கம்பியோ, எதுவானாலும் வேலையைப் பொருளிலிருந்து தொடங்குங்கள். தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொண்டு அகராதிக்குப் போனால் பத்துச் சொற்கள் கிடைக்கும், அவற்றில் எது உங்களுடையது என்று தெரியாது. அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனால் இரண்டு மூன்றுதான் மிஞ்சும்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பொருளின் மாதிரி. அது கிடைக்காவிட்டால் யாராவது அதை வளைத்து, அமுக்கிக் காட்டும் காணொளி. வெறும் புகைப்படத்தை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பச் சொற்களைத் தேர்ந்தெடுக்க முடியாது. நுரையின் படத்தில் அது உடனே மேலே எழுமா, மெதுவாக எழுமா என்பது தெரியாது.

இரண்டாவது, தயாரிப்பாளர் தரும் தொழில்நுட்ப விவரத் தாள். அதில் ஏற்கெனவே 'ரெசிலியன்ட்', 'ஸ்ட்ரெச்' போன்ற சொற்கள் இருந்தால் அவை பெரும்பாலும் துறைச் சொற்கள். அழகுக்காக அவற்றை மாற்றக் கூடாது.

மூன்றாவது, கற்போருக்கான அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகிய மூன்றின் கற்போர் அகராதிகளையும் இணையத்தில் காசு கொடுக்காமலே பார்க்கலாம். சாதாரண அகராதி பொருளை மட்டும் சொல்லும். கற்போர் அகராதி அந்தச் சொல் எந்தப் பெயர்ச்சொல்லோடு சேரும், பேச்சு வழக்கா, பாராட்டும் தொனியா, குறை சொல்லும் தொனியா என்பதையும் சொல்லும். நமக்கு வேண்டியது அதுதான்.

நான்காவது, சொற்றொகுப்பு, அதாவது மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டிவைத்த, தேடிப் பார்க்கக்கூடிய தொகுப்பு (கார்ப்பஸ்). பிரிட்டிஷ் தேசியச் சொற்றொகுப்பில் சுமார் 10 கோடிச் சொற்கள் உள்ளன. அமெரிக்க ஆங்கிலத்துக்கான 'கோகா' தொகுப்பு 100 கோடியைத் தாண்டியது. பதிவு செய்துகொண்டால் கோகாவை இலவசமாகத் தேடலாம், ஒரு நாளைக்கு இத்தனை தேடல்தான் என்ற வரம்பு மட்டும் உண்டு. பதிவே வேண்டாம் என்பவர்களுக்கு 'ஸ்கெல்' இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் அதோடு அடிக்கடி சேரும் சொற்களையும் காட்டும். தொடக்கத்துக்கு அது தாராளமாகப் போதும்.

பழக்கமில்லாதபோது ஒரு சொல்லுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிய பிறகு இரண்டு மூன்று நிமிடம்.

எச்சரிக்கை: ஒருபொருட்சொல் அகராதியை முதலில் திறக்காதீர்கள். 'சப்பிள்', 'ப்ளையன்ட்', 'எலாஸ்டிக்', 'லித்' எல்லாவற்றையும் அது ஒரே வரியில் அடுக்கிவைக்கும். அவை ஒன்றுக்கொன்று மாற்றாகாது.

2. கைச் சோதனை

பொருளை நான்கு விதமாகச் சோதியுங்கள்: வளையுங்கள், இழுங்கள், அமுக்குங்கள், முறுக்குங்கள். எது சுலபமாக நடக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த நிலையிலேயே ஐந்து நொடி பிடித்திருந்து விட்டுவிடுங்கள். நான்கில் ஒன்று நடக்கும்:

- உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பும் (ரப்பர் பட்டை, சுருள்வில்)
- மெல்லத் திரும்பும் (கை வைத்த தடம் சில நொடி நின்று மறையும் மெமரி ஃபோம்)
- பாதிதான் திரும்பும் (பழைய காலுறையின் மேல்பட்டை)
- திரும்பவே திரும்பாது (களிமண், ஈய வயர்)

எந்த அசைவு, விட்ட பிறகு என்ன ஆகிறது என்ற இரண்டு விடையும் கிடைத்துவிட்டால் சொல் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

ஒரே பொருள் இரண்டு விடை தருவதும் உண்டு. மெல்லிய செம்புக் கம்பியின் நுனியை லேசாகத் தட்டுங்கள், அதிர்ந்து பழைய இடத்துக்கே வரும். அதையே விரலில் சுற்றுங்கள், சுருளாகவே நின்றுவிடும். மீள்தன்மை எல்லைக்குள் இருக்கும்வரை ஒரு குணம், அதைத் தாண்டினால் வேறு குணம். அந்தப் பொருளை வாங்குபவர் எந்த அளவுக்கு வளைக்கப்போகிறாரோ, அந்த அளவில் கிடைக்கும் விடையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. வளைபவை

'ஃப்ளெக்சிபிள்' என்பது உடையாமல் வளையும் என்பதை மட்டும் சொல்கிறது. திரும்புமா திரும்பாதா என்பதைச் சொல்வதில்லை. அதனால்தான் அது எங்கும் பொருந்துகிறது. கேபிள், குழாய், ஷூவின் அடிப்பாகம் ஆகியவற்றுக்குத் தயங்காமல் போடலாம்.

'பெண்டி' பேச்சு வழக்குச் சொல். உறிஞ்சு குழாய்க்கும் பொம்மைக்கும் சரி, ஆய்வறிக்கைக்கு ஆகாது. 'பெண்டபிள்' என்றால் நாம் விரும்பியபடி வளைத்து வைக்கலாம் என்ற தொனி வரும். மூக்குப் பகுதியில் கம்பி வைத்த முகக்கவசத்தில் அந்தக் கம்பி 'பெண்டபிள்'. 'பெண்ட்' என்ற கடந்தகால வடிவத்தைப் பெயரடையாகப் போட்டால் ஏற்கெனவே வளைந்து கெட்டுப்போனது என்று பொருளாகிவிடும். விற்பனைக் குறிப்பில் இந்தச் சின்னக் குழப்பம் பொருளையே பழுதாக்கிக் காட்டும்.

'ப்ளையபிள்' என்பது குழைவாக வளைந்து, வளைத்த வடிவத்தை ஓரளவு ஏற்றுக்கொள்ளும் பொருளுக்கு உரியது. நனைந்த பிரம்பு, சூடேற்றிய மெழுகு, பிசைந்த மாவு போன்றவற்றுக்குச் சொல்லலாம். 'ப்ளையன்ட்' இதன் உடன்பிறப்புதான், ஆனால் மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது அடுத்தவர் சொல்படி ஆடுபவர் என்ற குறை தொனிக்கும். பொருளுக்கு 'ப்ளையபிள்' என்றே பழகிக்கொள்வது பாதுகாப்பு.

'சப்பிள்' எப்போதும் பாராட்டு. மென்மை, வழவழப்பு, விரிசல் விடாமல் மடங்குதல் மூன்றும் சேர்ந்தது. பதப்படுத்திய தோல், ஈரப்பதம் உள்ள சருமம், பயிற்சி பெற்ற உடல் ஆகியவற்றோடு வரும். பிளாஸ்டிக் குழாய்க்கு இதைப் போட்டால் ஆங்கிலம் பேசுபவர் சற்றுத் திகைப்பார்.

'விப்பி' மெலிந்து நீண்டு, நுனி அதிகமாக ஆடுவது. தூண்டிற்கோல், கோல்ஃப் மட்டையின் தண்டு, இளங்கிளை ஆகியவற்றுக்கு வரும்.

தன் எடையைக்கூடத் தாங்காமல் தொங்குவது 'ஃப்ளாப்பி'. அகன்ற விளிம்புத் தொப்பி, நாய்க்குட்டியின் காது ஆகியவற்றுக்கு அன்போடே சொல்லலாம். 'லிம்ப்' என்றால் முன்பு விறைப்பாக இருந்து இப்போது துவண்டுவிட்டது: வாடிய கீரை, உயிரில்லாத கைகுலுக்கல். 'ஃப்ளிம்சி' என்ற சொல்லிடம் மிகுந்த கவனம் வேண்டும். மெல்லியது என்று நினைத்துப் பலர் எழுதுகிறார்கள். அது 'சீக்கிரம் கிழியும், தரமற்றது' என்று சொல்கிறது.

4. இழுபடுபவை

இந்தப் பிரிவில்தான் திருத்தத்துக்குத் திரும்பி வரும் வேலை அதிகம்.

'ஸ்ட்ரெச்சி' அன்றாடச் சொல், இழுத்தால் நீளும். துணிக்கும் கால்சட்டைக்கும் இது போதும். விவரத் தாளில் 'ஸ்ட்ரெச்' என்பதே பெயரடையாக முன்னால் வரும்: 'ஸ்ட்ரெச் டெனிம்', 'ஸ்ட்ரெச் ஃபேப்ரிக்'. 'ஸ்ட்ரெச்டு' என்று எழுதினால் இழுத்து நீட்டப்பட்ட நிலையில் இருக்கிறது, சில இடங்களில் இழுத்துத் தொய்ந்துபோனது என்றே ஆகிவிடும். 'ஸ்ட்ரெச்சபிள்' ஆய்வுத் தொனி கொண்டது, இழுபடும் மின்னணுச் சாதனங்களைப் பற்றிய கட்டுரைகளில் நிறையப் பார்க்கலாம்.

'எலாஸ்டிக்' என்றால் இழுபட வேண்டும், விட்டால் திரும்பவும் வேண்டும். இரண்டாவது பாதி இல்லையென்றால் இந்தச் சொல் கூடாது. இழுத்தால் நீண்டு அப்படியே நிற்கும் உணவு மூடும் பிளாஸ்டிக் படலத்தை 'ஸ்ட்ரெச்சி' என்று சொல்லலாம், 'எலாஸ்டிக்' என்றால் பொய்.

இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த ஆடைக்குப் பிரிட்டிஷ் வழக்கில் 'எலாஸ்டிக்கேட்டட் வெய்ஸ்ட்', அமெரிக்க வழக்கில் 'எலாஸ்டிசைஸ்டு வெய்ஸ்ட்'. வாசகர் எந்த நாட்டவர் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். இழைக்கும் அதே கதைதான்: அமெரிக்காவில் 'ஸ்பேன்டெக்ஸ்', ஐரோப்பாவில் 'எலாஸ்டேன்'. இரண்டும் ஒன்றே. 'லைக்ரா' என்பது வணிகப் பெயர், பொதுச் சொல்லாகப் போடக் கூடாது.

'டூ-வே ஸ்ட்ரெச்', 'ஃபோர்-வே ஸ்ட்ரெச்' என்று விவரத் தாளில் இருந்தால் அப்படியே நகலெடுக்காதீர்கள். 'ஃபோர்-வே' என்றால் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் இழுபடும், அதில் சிக்கல் இல்லை. 'டூ-வே' என்பதைச் சிலர் ஒரே வாக்கில் இழுபடுவதற்கும், சிலர் இரண்டு வாக்கிலும் இழுபடுவதற்கும் பயன்படுத்துகிறார்கள். துணியை இழுத்துப் பார்த்து, 'நீளவாக்கில் மட்டும்', 'அகலவாக்கில் மட்டும்' என்று ஆங்கிலத்தில் விரித்தே எழுதிவிடுங்கள்.

'டென்சைல்' இந்தக் குடும்பமே இல்லை. இழுவிசை தொடர்பான என்று பொருள். 'டென்சைல் ஸ்ட்ரெங்த்' அதிகம் என்றால் இழுத்தால் சுலபத்தில் அறாது. நன்றாக நீளும் என்று பொருள் கொள்ளக் கூடாது.

5. அமுக்கினால் எழுபவை

'ஸ்பிரிங்கி' என்றால் அமுக்கிய விரலை அது திருப்பித் தள்ளுவது கையில் தெரிய வேண்டும். நல்ல புல்தரை, சுருண்ட முடி, நன்றாக வெந்த கேக் எல்லாம் ஸ்பிரிங்கி. கேக் குறிப்புகளில் 'லேசாக அமுக்கினால் ஸ்பிரிங்ஸ் பேக்' என்று வினையாகவும் வரும். உள்ளே சுருள்வில் இருக்க வேண்டிய அவசியமில்லை.

'பவுன்சி' என்றால் மேலே விழுந்தது எகிற வேண்டும், அல்லது அதுவே எகிற வேண்டும். பந்து, குழந்தைகள் குதிக்கும் காற்றடைத்த மேடை, மெத்தை. இங்கே எண் கிடைத்தால் எண்ணைக் கொடுங்கள். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிப்படி, பொதுவாகப் பயன்படும் இரண்டாம் வகைப் பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழ வேண்டும். அந்த வரியைக் கொடுத்துவிட்டால் 'வெரி பவுன்சி' தேவையே இல்லை. துள்ளல் போன பந்துக்கு 'டெட்' என்பதே விளையாட்டு வழக்கு.

'ஸ்பாஞ்சி' என்றால் துளைகள் நிறைந்து, அமுக்கினால் உள்ளே போவது. தள்ளும் வலிமை குறைவு. 'ஸ்க்விஷி' இன்னும் மென்மை, கையில் பிதுங்கும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஏற்றது.

'ரெசிலியன்ட்' இன்று பெரும்பாலும் மனிதர்களையும் அமைப்புகளையும் பற்றியே வருகிறது. பொருள்களில் அதற்குக் கறாரான துறைப் பொருள் உண்டு. நுரைத் தொழிலில் 'ஹை ரெசிலியன்ஸ்' என்பது விளம்பரச் சொல் அல்ல, அளந்து சொல்வது. ஐஎஸ்ஓ 8307 சோதனையில் 16 மி.மீ. எஃகுக் குண்டை 500 மி.மீ. உயரத்திலிருந்து நுரைமேல் போட்டு, எத்தனை விழுக்காடு எழுகிறது என்று பார்க்கிறார்கள். மெமரி ஃபோமில் குண்டு அதிகம் எழாது. ஆகவே மெமரி ஃபோம் மெத்தைக்கு 'ஹைலி ரெசிலியன்ட்' என்று எழுதினால் விவரம் தெரிந்த வாடிக்கையாளர் கேள்வி கேட்பார். அதற்கு 'ஸ்லோ-ரெக்கவரி', தொழில்நுட்பத் தாளில் 'விஸ்கோஎலாஸ்டிக்'. கட்டடத் துறையில் 'ரெசிலியன்ட் ஃப்ளோரிங்' என்றால் வினைல், லினோலியம், ரப்பர், கார்க் போன்ற தரை விரிப்பு வகை. அதை வேறு சொல்லால் மாற்றவே கூடாது.

6. திரும்பாதவை

'மாலியபிள்' என்றால் அடித்தால் தகடாகும். 'டக்டைல்' என்றால் இழுத்தால் கம்பியாகும். தங்கம் இரண்டும். களிமண்ணுக்கும் இளம் மனதுக்கும் 'மாலியபிள்' பொருந்தும், 'டக்டைல்' பெரும்பாலும் உலோகத்தோடு நின்றுவிடும். 'பிளாஸ்டிக்' என்பது அறிவியல் நடையில் பெயரடை: கொடுத்த வடிவத்தை வைத்துக்கொள்வது. 'எலாஸ்டிக்'கின் நேரெதிர். 'பிளாஸ்டிக் டிஃபார்மேஷன்' என்று வரும்போது நெகிழிப் பொருள் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்.

7. பாராட்டா, குறையா என்று பாருங்கள்

சொல் சரியாக இருந்தும் தொனி கவிழ்த்துவிடும். 'ரப்பரி' என்பதை உணவோடு சேர்த்தால் அதிகம் வெந்து சவசவ என்று ஆகிவிட்டது என்று பொருள். 'ச்யூயி' மிட்டாய்க்கு நல்லது, இறைச்சிக்குக் குறை. 'ஸ்பாஞ்சி' கேக்குக்கு நல்லது. அதையே வாகனத்தின் பிரேக் மிதியைப் பற்றிச் சொன்னால் திரவத்தில் காற்று புகுந்திருக்கலாம், உடனே பார்க்க வேண்டும் என்று பொருள். பழுதுபார்ப்புக் கையேட்டை மொழிபெயர்ப்பவர் 'மிருதுவான பிரேக்' என்று எழுதிவிட்டால் அது ஆபத்து. 'பிரேக் மிதி கெட்டியாக நிற்காமல் அமுங்கிப் போகிறது' என்று எழுதுங்கள்.

8. துறை எது என்று உறுதி செய்யுங்கள்

இயற்பியலில் ரப்பரைவிட எஃகுதான் அதிக 'எலாஸ்டிக்'. மாற்றத்தை எதிர்க்கும் வலிமையை வைத்து அங்கே அளக்கிறார்கள். அந்த அளவுக்கு யங் குணகம் என்று பெயர். எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல், ரப்பருடையது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. கடைக் குறிப்பில் எஃகை 'எலாஸ்டிக்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. பாடக் கட்டுரையில் ரப்பர்தான் அதிக எலாஸ்டிக் என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

பொருளாதாரத்தில் விலை ஒரு விழுக்காடு மாறும்போது தேவை ஒரு விழுக்காட்டுக்கு மேல் மாறினால் 'எலாஸ்டிக்', அதற்குக் கீழ் என்றால் 'இனலாஸ்டிக்'.

மருத்துவத்தில் 'கம்ப்ளையன்ட்' என்ற சொல் பலரைக் குழப்பும். நுரையீரல் எவ்வளவு சுலபமாக விரிகிறது என்பதை அது சொல்கிறது, சுருங்கித் திரும்புவதைச் சொல்வதில்லை. எம்ஃபிசீமா நோயில் நுரையீரல் சுலபமாக விரியும், ஆனால் சுருங்கும் ஆற்றலை இழந்திருக்கும். அதாவது 'கம்ப்ளையன்ஸ்' கூடுகிறது, 'எலாஸ்டிக் ரீகாயில்' குறைகிறது. இரண்டையும் 'நெகிழ்வு' என்றே மொழிபெயர்த்தால் வாக்கியம் தன்னையே மறுக்கும். 'விரியும் தன்மை', 'சுருங்கி மீளும் ஆற்றல்' என்று பிரித்து எழுதுங்கள். அலுவலக ஆங்கிலத்தில் இதே 'கம்ப்ளையன்ட்' விதிகளுக்கு உட்பட்டது என்று பொருள்படும்.

ரப்பர், சிலிகான் பொருள்களுக்கு 'ஷோர் ஏ' அளவு கொடுத்திருப்பார்கள். 0 முதல் 100 வரை, எண் கூடக் கூடக் கெட்டி. டயரின் மேற்பரப்பு ஏறத்தாழ 60 முதல் 70. 25 என்று இருக்கும் பொருளுக்கு 'ஃபர்ம்' என்று எழுதக் கூடாது.

9. மனிதர்களைப் பற்றி எழுதும்போது

உடல் நன்றாக வளையும் என்றால் 'ஃப்ளெக்சிபிள்', 'சப்பிள்', 'லிம்பர்'. மெலிந்து லாவகமாக அசைபவர் 'லித்', பூனை வகை விலங்குகளுக்கும் இது வரும். குணத்தைச் சொல்லும்போது 'ஃப்ளெக்சிபிள்' என்றால் விட்டுக்கொடுத்துப் போகக்கூடியவர், 'ரெசிலியன்ட்' என்றால் அடிபட்டும் எழுந்து நிற்பவர், 'பவுன்சி' என்றால் உற்சாகம் பொங்குபவர். 'எலாஸ்டிக்', 'ஸ்ட்ரெச்சி' இரண்டையும் மனிதர்மேல் வைக்க வேண்டாம்.

எதிர்ச்சொல்லிலும் கவனியுங்கள். 'இன்ஃப்ளெக்சிபிள்' பெரும்பாலும் பிடிவாதக்காரருக்கும் மாறாத விதிக்கும். பொருள் வளையாது என்றால் 'ரிஜிட்', வளைக்கக் கஷ்டம் என்றால் 'ஸ்டிஃப்', வளைத்தால் நொறுங்கும் என்றால் 'பிரிட்டில்'.

10. எழுத்தும் உச்சரிப்பும்

'ஃப்ளெக்சிபிள்' ஐ-பி-எல்-இ என்று முடியும், 'ப்ளையபிள்' ஏ-பி-எல்-இ. 'ரெசிலியன்ட்' முடிவது இ-என்-டி, அழுத்தம் இரண்டாம் அசையில். 'ஸ்பிரிங்கி'யில் ஒரு எழுத்து மாறினால் 'ஸ்டிரிங்கி', நார்நாரானது என்று ஆகிவிடும். எழுத்துப் பிழைதிருத்தி இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டும் சரியான சொற்கள். 'லித்' என்று இங்கே எழுதியிருந்தாலும் உச்சரிப்பு 'லைத்'.

பல பெயரடைகள் சேரும்போது குணம் முதலில், பிறகு நிறம், கடைசியில் மூலப்பொருள்: 'சாஃப்ட், ஸ்ட்ரெச்சி பிளாக் காட்டன் பேண்ட்'. இதை மாற்றி அடுக்கினால் உடனே உறுத்தும்.

11. அனுப்பும் முன்

தேர்ந்தெடுத்த பெயரடையையும் உங்கள் பெயர்ச்சொல்லையும் சேர்த்து ஸ்கெல்லிலோ கோகாவிலோ தேடுங்கள். 'சப்பிள் லெதர்' கொட்டும், 'சப்பிள் கேபிள்' அரிதாகத்தான் வரும். அரிதாக வந்தால் மற்றொரு சொல்லை முயலுங்கள். கிடைத்த வாக்கியங்களில் ஐந்தாறையாவது முழுதாகப் படியுங்கள், எண்ணிக்கையை மட்டும் நம்பினால் கேலியாகவோ குறையாகவோ வந்த இடங்கள் தெரியாது.

கடைசியாக ஒரு மாதிரி. 'ஃப்ளெக்சிபிள் சோஃப்ட் இன்சோல், வெரி எலாஸ்டிக்' என்று ஒரு காலணி உள்தகட்டுக் குறிப்பு. கைச் சோதனையில் அது சுலபமாக வளைகிறது, இழுத்தால் நீளவில்லை, குதிகால் பகுதியை அமுக்கினால் உடனே எழுகிறது. 'எலாஸ்டிக்' இங்கே இழுபடும் என்ற எண்ணத்தைத் தருவதால் எடுத்துவிட வேண்டும். 'எ ஃப்ளெக்சிபிள் இன்சோல் வித் எ ஸ்பிரிங்கி ஹீல்' என்று எழுதினால் வளைவது முழுத் தகடு, எழுவது குதிகால் பகுதி என்பதும் தெளிவாகிவிடும்.